பட்டுக்கூட்டுக்குள் எத்தனை பேர்?

கேள்வி: நூரி பில்கே ஜெய்லானின் 'கோசா' என்ற பழைய துருக்கிக் குறும்படத்தை வீட்டில் பார்த்தோம். கோசா என்றால் பட்டுக்கூடாம். வயதான ஒரு கணவன், மனைவி, அவர்களை விட்டால் இன்னொருவர். வசனமே கிடையாது. "எத்தனையோ இனத்தார் வாழ்கிற நாடு, இதில் அவர்களெல்லாம் எங்கே?" என்கிறாள் மகள். என்ன சொல்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மகளுக்கு முதலில் ஒரு சபாஷ். ஆனால் தலையை எண்ணிப் பார்ப்பதில்தான் எனக்குத் தகராறு.

அந்த இருவரும் தொழில்முறை நடிகர்கள் இல்லை. இயக்குநரின் அப்பா எமின், அம்மா ஃபத்மா. படம் 1995இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் குறும்படப் போட்டிக்குப் போனது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் துருக்கி வெகுஜன சினிமா என்றால் 'யெஷில்சாம்'. இஸ்தான்புல்லில் சினிமா கம்பெனிகள் இருந்த ஒரு தெருவின் பெயர் அது. நம் கோடம்பாக்கம் மாதிரி. அங்கே கிழவன் கிழவி பெரும்பாலும் கதாநாயகனைப் பெற்றவர்கள், அவ்வளவுதான். எழுபது வயதுக்காரர்களின் மனக்கசப்பையே கதையாக்கியதும் ஒரு பிரதிநிதித்துவம் என்றுதான் நான் சொல்வேன்.

எங்கள் திரைப்படக் கழகத்தில் இதைப் போட்டபோது பத்தாவது நிமிடத்தில் ஒருவர், "பேச்சே வராதா சார்?" என்று கேட்டார். வராது. அந்த மௌனம் இயக்குநர் விரும்பி எடுத்துக்கொண்டது. மகளுக்கு இதோடு 1978இல் வந்த 'சுரூ'வையும் (மந்தை என்று அர்த்தம்) போட்டுக் காட்டுங்கள். துருக்கியின் பிரபல நடிகர்-இயக்குநர் யில்மாஸ் குனே சிறையிலிருந்து எழுதி, ஸெகி ஒக்தென் இயக்கியது. ஆட்டு மந்தையை ரயிலேற்றித் தலைநகர் அங்காராவுக்குக் கொண்டுபோகும் குர்துக் குடும்பம். குர்துகள் தனி மொழி பேசும், துருக்கியின் பெரிய சிறுபான்மை இனத்தார். ஆனால் எல்லாரும் பேசுவது துருக்கி மொழி! மருமகள் பெரிவான் மட்டும் வாயே திறப்பதில்லை. எனக்கென்னவோ படத்திலேயே அவள்தான் குர்து மொழிக்கு மிகப் பக்கத்தில் இருப்பவள்.

பிறகு 1983இல் ஒரு சட்டமும் வந்தது, எண் 2932. அதில் 'குர்து' என்ற சொல்லே கிடையாது. துருக்கி அங்கீகரித்த நாடுகளின் முதல் ஆட்சிமொழி தவிர வேறு மொழியில் கருத்து வெளியிடக் கூடாது என்று சுற்றி வளைத்து எழுதினார்கள். பக்கத்து ஈராக்கில் அப்போது குர்து இரண்டாவது ஆட்சிமொழி. அதனால்தான் 'முதல்' என்ற சொல் அங்கே வந்து உட்கார்ந்தது. கெட்டிக்காரர்கள்தான். 1991இல் சட்டம் போனது. 1982இல் கானின் உயரிய விருதான தங்கப்பனையைப் பகிர்ந்துகொண்ட குனேயின் 'யோல்' துருக்கித் திரையரங்குக்கு வர 1999 ஆயிற்று.

ஜெய்லான் இதையெல்லாம் தொடவில்லை என்று மகள் சொன்னால் அதுவும் சரிதான். அவர் தன் வீட்டை எடுத்தார்.

கேள்வி: அப்படியானால் சிறுபான்மையினர் துருக்கிப் படங்களில் நடிக்கவே இல்லையா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக நடித்தார்கள். பெயரைத்தான் வெளியே வைத்துவிட்டு வந்தார்கள். நூற்றுக்கணக்கான படங்களில் வந்த கெனான் பார்ஸின் சொந்தப் பெயர் கிர்கோர் ஜெஸ்வெஜியான், ஆர்மீனியர்; அங்கே சிறுபான்மைக் கிறிஸ்தவ இனம். நகைச்சுவை நடிகர் சாமி ஹஸின்செஸும் ஆர்மீனியர்தான். அதை வெகுகாலம் வெளியே சொல்லாமலே இருந்தார்.

நுபார் டெர்ஸியான் மட்டும் ஆர்மீனியப் பெயரோடே நடித்தார். திரையில் எல்லாருக்கும் பிரியமான பெரியவர் அவர். 1979இல் நட்சத்திர நடிகர் அய்ஹான் இஷிக் இறந்தபோது, மனசு தாங்காமல் பத்திரிகையில் அஞ்சலி விளம்பரம் கொடுத்தார். அதில் இஷிக்கை மகனே என்று அழைத்து, கீழே 'உன் நுபார் மாமா' என்று போட்டிருந்தார். அப்புறம் இஷிக் குடும்பத்தாரிடமிருந்து இன்னொரு விளம்பரம் வந்தது. நுபார் டெர்ஸியானுக்கும் தங்களுக்கும் எந்த உறவும் இல்லை என்று.