கடை வாசலில் நுழைபவரின் முகம் கமராவில் ஏன் இருண்டு தெரிகிறது?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கிழக்கே கடலைப் பார்த்த கடைகளில் காலையில் இது வழக்கம்: சிசிரிவியில் வாசல் பளிச்சென்று இருக்கும், உள்ளே வருபவர் வெறும் நிழலுருவாகத் தெரிவார். ஆளுக்குப் பின்னாலிருந்து வரும் இந்த வெளிச்சத்தைத்தான் பின்னொளி என்கிறோம்.

கமரா முழுக் காட்சியின் சராசரி வெளிச்சத்தை வைத்தே தன்னைச் சரிசெய்யும். வானமும் மணலும் கூசினால் உள்ளே எடுக்கும் ஒளியைக் குறைத்துவிடும். முகம் இருளில் போய்விடும். உச்சி வெயிலில் நின்றுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் சில நொடி எதுவும் தெரியாதே, அதுபோலத்தான்.

கமரா மெனுவில் ‘டபிள்யூடிஆர்’ (WDR) என்பதை இயக்குங்கள்; பளிச்சென்ற பகுதியும் இருண்ட பகுதியும் ஒரே படத்தில் தெரியச் செய்யும் வசதி இது. அது ஒரே காட்சியைக் குறுகிய நேரம் ஒருமுறை, நீண்ட நேரம் ஒருமுறை பிடித்து இணைக்கும். அளவை 50இல் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்; 100இல் வைத்தால் படம் சாம்பல் பூசியதுபோல் வெளிறும், நடப்பவரின் விளிம்பு இரட்டையாகலாம். புதிதாக வாங்குவதானால் 120 டெசிபல் ‘ட்ரூ டபிள்யூடிஆர்’ பாருங்கள்; இங்கே டெசிபல் என்பது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசத்தைக் கமரா சமாளிக்கும் என்பதன் அளவு. ‘டிஜிட்டல் டபிள்யூடிஆர்’ என்று போட்டிருந்தால் அது எடுத்த படத்தின் இருட்டை மென்பொருளால் வெளுப்பது மட்டுமே.

ஆனாலும் பூட்டும் இடம்தான் பாதி வேலை. 3 மீற்றர் உயரத்திலிருந்து குனிந்து பார்த்தால் உச்சந்தலைதான் பதியும். 2 முதல் 2.3 மீற்றர் உயரத்தில், வாசலுக்கு நேரே இல்லாமல் சற்று ஓரமாக, வானம் படத்துக்குள் வராதபடி பூட்டுங்கள். வாசலுக்கு உட்புறம், வருபவரின் முகத்தில் படும்படி ஒரு எல்ஈடி விளக்கும் போடுங்கள்.

மெகாபிக்சல் கூடிய கமரா வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒளி கிடைக்காத முகம் 8 மெகாபிக்சலிலும் இருட்டாகத்தான் பதியும்.