பிக்கப்பில் கேரவன் இழுப்பவர்களுக்கு: கேள்வி – பதில்

கேள்வி: ஆஃப்-ரோடு பிக்கப், சஸ்பென்ஷனை 2 அங்குலம் உயர்த்தியிருக்கிறேன். 1,200 கிலோ கேரவனை மாட்டி 80-ஐத் தொட்டாலே டிரெய்லர் வாலாட்டுகிறது. என்ஜினில் இவ்வளவு பலம் இருந்தும் ஏன்? (கிருஷ்ணகிரி)

பதில்: என்ஜினை விடுங்கள், கொக்கியின் மேல் இறங்கும் எடையைப் பாருங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருக்க வேண்டும். உங்களுக்கு 120–180 கிலோ. கிரானைட் லாரி போகும் ஊரில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. சாமான்களை ஏற்றி, டிரெய்லரைக் கழற்றி, முழுதாக ஒரு எடை போடுங்கள். பிறகு சக்கரங்கள் மட்டும் மேடையில், முன் ஜாக்கி (டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் கால்) வெளியே இருக்கும்படி நிறுத்தி இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கி எடை. குறைந்தால் தண்ணீர் கேன், பேட்டரி போன்றவற்றை அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள். பின்கோடியில் கனம் வைக்கவே கூடாது.

அடுத்தது உயரம். வண்டியை உயர்த்தியதால் கொக்கிப் பந்தும் உயர்ந்து டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கும். முழு லோடோடு மாட்டி, சமதளத்தில் டிரெய்லர் நேராக நிற்கும்படி கீழிறங்கிய பால் மவுன்ட் (கொக்கிப் பந்தைத் தாங்கும் கை) போடுங்கள். ஆஃப்-ரோடு ஸ்பிரிங் மிருதுவானது, பின்பக்கம் சீக்கிரம் அமுங்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் ஆஃப்-ரோடு மாடலான ராப்டருக்கே இழுவை வரம்பு 8,200 பவுண்டுதான். சாதாரண எஃப்-150 சிலவற்றுக்கு அது 13,000-க்கும் மேல்.

ஆட ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை ஓங்கி மிதித்தால் ஆட்டம் கூடும்.

கேள்வி: தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது பிரேக் கருகிய வாசனை வருகிறது. (தர்மபுரி)

பதில்: இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து 2 அல்லது 3-ஆவது கியருக்கு வந்துவிடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடில். நியூட்ரலில் விடுவதும் என்ஜினை அணைப்பதும் உயிருக்கே ஆபத்து: என்ஜின் பிடி போய்விடும், அணைத்தால் பெடல் அழுத்தத்தைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டரின் உதவியும் போகும். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். ஒரு முறை அழுத்தி வேகத்தை 40-லிருந்து 30-க்குக் கொண்டுவந்து, முழுதாக விடுங்கள், டிரம் ஆறும்.

டிரெய்லர் தானே முட்டி இயங்கும் ஓவர்ரன் பிரேக் என்றால், நெடிய இறக்கத்தில் அது விடாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். அதனால் மெதுவாக இறங்குவது தவிர வழியில்லை. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. உடனே பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

கேள்வி: இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லரின் பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது. (ஓசூர்)

பதில்: பெரும்பாலும் எர்த் கோளாறு. பிளக்கில் வெள்ளை ஒயரையும், அது சேஸிஸில் முடியும் போல்ட்டையும் துரு போகத் தேய்த்து இறுக்குங்கள். பல்பை மாற்றிப் பயனில்லை.

கேள்வி: ஒகேனக்கல் போக மட் டயரில் காற்றைக் குறைக்கலாமா? (பென்னாகரம்)

பதில்: தார்ச் சாலையில், அதுவும் டிரெய்லரோடு, கூடாது. டயரின் பக்கச்சுவர் நெளிந்து சூடேறும். பின்சக்கரத்துக்குக் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள முழு லோடு அளவையே வையுங்கள். வளைவுகளில் டிரெய்லர் சக்கரம் உள்பக்கம் வெட்டும். அகலமாக எடுத்துத் திருப்புங்கள்.

கேள்வி: டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. வேண்டுமா? (பாலக்கோடு)

பதில்: வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் மோட்டார் வாகனமே. இன்சூரன்ஸ் பாலிசியிலும் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.