அடித்தால் பழகுமா?

கேள்வி: பொமரேனியனும் நாட்டு நாயும் கலந்த குட்டி, இரண்டரை மாதம். வீடெல்லாம் மூத்திரம் போகிறது. பிள்ளைகள் காலைக் கடிக்கிறது. அடித்துப் பழக்கலாமா?
– வாசகி, செல்லூர்

பதில்: அடிக்கவே அடிக்காதீர்கள் அம்மா. அடித்தால் உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போகும், அவ்வளவுதான். இந்த வயதில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அதனால் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிப் போய் ஒரே இடத்தில் விடுங்கள். போய் முடித்த அந்த நொடியே, அங்கேயே, அவித்த கோழியில் ஒரு துணுக்கு கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. திருப்பரங்குன்றத்தில் எங்கள் கருப்பிக்கு வேப்பமரத்தடி பழக மூன்று வாரம் ஆனது. இரவில் நானும் இரண்டு தடவை எழுந்தேன்.

தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் குட்டிகளைக் கொன்றுவிடும். மொட்டை மாடியில் மண் தட்டு வையுங்கள். நம்ம ஊர் வெயிலில் தளம் கொதிக்கும், அதனால் தட்டு நிழலில் இருக்கட்டும்.

கடிப்பது கோபமில்லை, விளையாட்டு. கடித்ததும் விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுங்கள். கடித்து மெல்வதற்கு ஈரத்துணியை முறுக்கிக் கொடுங்கள். அப்புறம் ஒன்று: பல் பட்டுப் பிள்ளைக்குத் தோல் கீறினால், குட்டிதானே என்று விடாமல் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநாய் ஊசி போட்டுவிடுங்கள்.