தொலைவு டிபி2-வுடன் இணைப்பு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் இசட்/ஓஎஸ் மெயின்ஃப்ரேமில் உள்ள டிபி2 டேட்டாபேஸிலிருந்து இன்னொரு தளத்து டிபி2-வின் டேபிளைப் படிக்க வேண்டும். பிங் போகிறது, போர்ட்டும் திறந்திருக்கிறது. ஆனாலும் எஸ்கியூஎல்கோடு (பிழை எண்) -950 வருகிறது. எங்கே பார்ப்பது?

பதில்: நெட்வொர்க்காரர்களை விட்டுவிடுங்கள். -950 வந்தால் கோரிக்கை உங்கள் டிபி2-வைத் தாண்டவே இல்லை. நீங்கள் கேட்ட லொக்கேஷன் பெயர் (எதிர்த்தரப்பு டிபி2-வின் பெயர்), தொலைவு டிபி2-களைப் பதிந்து வைக்கும் உங்கள் சிஸ்ஐபிஎம்.லொக்கேஷன்ஸ் டேபிளில் இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கும், அல்லது இன்சர்ட் செய்தவர் கமிட் போட்டிருக்க மாட்டார்.

அந்த டேபிளில் லொக்கேஷன், லிங்க்நேம், போர்ட் மூன்றையும் நிரப்புங்கள். போர்ட்டைக் காலியாக விட்டால் 446 என்று எடுத்துக்கொள்ளும். லிங்க்நேம் நீங்களாக வைக்கும் பெயர்தான். அதே பெயரில் ஐபிநேம்ஸ் டேபிளிலும் ஒரு வரி இருக்க வேண்டும். ஐபி முகவரியும், எந்த முறையில் அடையாளம் காட்டுவது என்று சொல்லும் செக்யூரிட்டி_அவுட்டும் அங்கேதான். லொக்கேஷன் பெயரை மட்டும் ஊகித்து எழுதாதீர்கள். எதிர்த்தரப்பில் '-டிஸ்ப்ளே டிடிஎஃப் டீட்டெயில்' (டிடிஎஃப் என்பது டிபி2-வில் தொலைவு இணைப்புகளைக் கவனிக்கும் பகுதி) கொடுக்கச் சொல்லி, அதில் வரும் பெயரை அப்படியே எடுங்கள். தவறான பெயரோடு எதிர்த்தரப்பை எட்டினால் -30061 வரும்.

செக்யூரிட்டி_அவுட் 'பி' (பாஸ்வேர்டு) என்றால் யூசர்நேம்ஸ் டேபிளில் 'ஓ' வகை (வெளியே போகும் இணைப்புக்கான) வரி ஒன்று வேண்டும். அதில் நேரடியாக இன்சர்ட் செய்த பாஸ்வேர்டு, டேபிளைப் படிக்க முடிந்த எவர் கண்ணிலும் படும். இரு பக்கமும் ராக்ஃப் (மெயின்ஃப்ரேமின் பாதுகாப்பு மென்பொருள்) இருந்தால் 'ஆர்' போட்டு, பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தற்காலிகமாக உருவாகும் பாஸ்டிக்கெட்டுக்கு மாறிவிடுவதே நல்லது.

இன்னொன்று: டிபி2 10-க்கு முந்தைய பதிப்புகளில், அந்த லொக்கேஷனோடு டிடிஎஃப் ஏற்கெனவே பேச முயன்றிருந்தால், லொக்கேஷன்ஸ், ஐபிநேம்ஸ் இரண்டிலும் செய்த திருத்தம் டிடிஎஃப்பை நிறுத்தித் தொடங்கிய பிறகே பலித்தது; டிபி2 10 முதல் புதிய இணைப்புகளுக்கு அது தேவையில்லை. "சரிசெய்தும் அதே பிழை" என்ற புகாரில் பாதி அப்போது இதுதான்.

கேள்வி: இணைப்பு கிடைத்துவிட்டது. உள்ளூர் டேபிளில் ஓடும் எங்கள் கோபால் புரோகிராம் தொலைவு டேபிளில் -805 தருகிறது.

பதில்: பேக்கேஜ் (உங்கள் புரோகிராமின் எஸ்கியூஎல்லை டிபி2 ஓட்டத் தயாராக்கி வைக்கும் வடிவம்) அங்கே இல்லை. பிழைச் செய்தியில் லொக்கேஷன், கலெக்ஷன் (பேக்கேஜ்களின் தொகுப்பு), டிபிஆர்எம் (பிரீகம்பைலில் பிரித்தெடுத்த எஸ்கியூஎல்), டோக்கன் (புரோகிராமும் பேக்கேஜும் பொருந்துகின்றனவா என்று காட்டும் அடையாளம்) என்ற வரிசையில் விவரம் வரும். முதலில் இருப்பதுதான் பேக்கேஜ் இல்லாத இடம். பேக்கேஜை உருவாக்கும் பைண்ட் பேக்கேஜ் கட்டளையில் கலெக்ஷனுக்கு முன்னால் தொலைவு லொக்கேஷனைச் சேர்த்து ஒருமுறை பைண்ட் செய்யுங்கள். பிளானின் பிகேலிஸ்டிலும் (புரோகிராம் பயன்படுத்தும் பேக்கேஜ்களின் பட்டியல்) அந்த லொக்கேஷன் இடம்பெற வேண்டும். ஓடும்போதே உருவாகும் டைனமிக் எஸ்கியூஎல் என்றாலும் விலக்கில்லை. பிறகு புரோகிராமை மீண்டும் பிரீகம்பைல் செய்து உள்ளூரில் மட்டும் பைண்ட் செய்தால் டோக்கன் மாறி, அதே -805 திரும்பி வரும். பைண்ட் ஜேசிஎல்லில் இரண்டு இடத்துக்கும் ஸ்டெப் வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் டிபி2-வின் போர்ட்டை மாற்ற, டிபி2-வையே நிறுத்த வேண்டுமா?

பதில்: ஆம். உள்ளூர் லொக்கேஷன் பெயரும் போர்ட்டும் பிஎஸ்டிஎஸ்ஸில் (டிபி2 தொடங்கும்போது படிக்கும் கோப்பு) இருக்கின்றன. டிபி2-வை நிறுத்திவிட்டு, அதை மாற்றும் டிஎஸ்என்ஜேயு003 என்ற யூட்டிலிட்டியை ஓட்டுங்கள். சிஸ்யூடி1, சிஸ்யூடி2 இரண்டிலும் பிஎஸ்டிஎஸ் பிரதிகளைக் கொடுங்கள். டிஎஸ்என்ஜேயு004 அச்சிட்டுத் தரும் பட்டியலில் சரிபார்க்கலாம். ரெஸ்போர்ட் (அறுந்த கமிட்டைப் பிறகு சரிசெய்ய உதவும் போர்ட்) எண், போர்ட் எண்ணிலிருந்து வேறாக இருக்க வேண்டும். ஃபயர்வாலில் இரண்டையும் திறக்கச் சொல்லுங்கள். ரெஸ்போர்ட் அடைபட்டிருந்தால் அன்றாட வேலையில் ஒன்றும் தெரியாது. இரு தளங்களும் சேர்ந்து முடிக்கும் டூ-ஃபேஸ் கமிட் நடுவில் இணைப்பு அறுந்தால்தான் இன்டவுட் திரெட்கள் (கமிட்டா ரோல்பேக்கா என்று தெரியாமல் நிற்பவை) லாக்குகளைப் பிடித்தபடி நின்றுவிடும்.