ரோஜாச் செடிக் கட்டுரைகளுக்குத் தேடலில் ஆள் வரவில்லையா?

30 கட்டுரை எழுதியும் கூகுளிலிருந்து யாரும் வருவதில்லை என்கிறீர்கள். எழுத்தில் குறையில்லை, தலைப்புதான் பிரச்சினை. ‘பசுமையின் கண்ணீர்’ என்று தலைப்பு வைத்தால், அப்படி யாரும் தேட மாட்டார்கள். செடி வாடிப் பதறுகிறவர் ‘ரோஜா இலை மஞ்சளாவது ஏன்’ என்றுதான் தட்டுவார்.

சர்ச் கன்சோலில் (உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் கருவி) பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து 16 மாதத் தரவை எடுங்கள். தேடல் முடிவுகளில் சராசரி இடம் 8 முதல் 20 வரை, இம்ப்ரெஷன் (முடிவுகளில் காட்டப்பட்ட எண்ணிக்கை) அதிகம், க்ளிக் குறைவு: இந்தத் தேடல்கள்தான் உங்கள் புதையல். அந்தச் சொற்களைத் தலைப்பில் வையுங்கள், பதிலை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். யூஆர்எல்லை, அதாவது கட்டுரையின் இணைய முகவரியை, மாற்றாதீர்கள்.

ஒரே தேடலுக்கு இரண்டு கட்டுரைகள் மாறி மாறி வந்தால் ஒன்றாகச் சேர்த்து, மற்றதற்கு 301 ரீடைரக்ட் (அங்கே வருபவரைச் சேர்த்த கட்டுரைக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போடுங்கள். கீவேர்ட் பிளானரில் (ஒரு சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் கருவி) எண்ணே காட்டாத சொல்லையும் ஒதுக்காதீர்கள். தேடல் பெட்டியே அதைப் பரிந்துரைத்தால் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.