கார்பமசெபின் குறையாததற்குக் காரணம்

வணக்கம் ஐயா. பாளையங்கோட்டையில் உள்ள உங்கள் மருத்துவமனையின் கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்திகரித்து, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து புற ஊதா விளக்கின் வழியே செலுத்திய பிறகும், வலி நிவாரணி மருந்தான டைக்ளோஃபினாக் நன்றாகக் குறைந்து, வலிப்பு நோய் மருந்தான கார்பமசெபின் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்பதாக எழுதியிருந்தீர்கள்.

அந்த வேறுபாட்டிலேயே விடை இருக்கிறது. டைக்ளோஃபினாக் விளக்கின் 254 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளி பட்டாலே சிதையும். கார்பமசெபினை உடைக்கவோ, அந்த ஒளியில் பெராக்சைடு பிளந்து உண்டாகும், மிகுந்த வினைத்திறன் கொண்ட ஹைட்ராக்சில் ராடிக்கல் என்னும் துகள் வேண்டும். அந்த ராடிக்கல் எதையும் தேர்ந்து தாக்குவதில்லை என்பதால், ஆழ்துளைக் கிணற்று நீரிலிருந்து வரும் பைகார்பனேட்டும், மிஞ்சிய கரிமப் பொருளும், நைட்ரைட்டும் மருந்தைத் தொடுமுன்பே அதைத் தின்றுவிடுகின்றன. பெராக்சைடைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்; அளவு மிஞ்சினால் அதுவே ராடிக்கலை விழுங்கும்.

முதலில் விளக்கின் குவார்ட்ஸ் உறையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கடின நீரில் சில வாரங்களிலேயே வெண்ணிற உப்புப் படலம் படியும். சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த மென்துணியால் துடைத்தால் போய்விடும். அடுத்து, விளக்குக்கு முன்பாக மணல் வடிகட்டி வைத்து, நீரின் புற ஊதா ஊடுருவலை (அந்த ஒளியை நீர் எவ்வளவு உள்ளே விடுகிறது என்பதை) அளந்த பிறகே பெராக்சைடின் அளவை முடிவு செய்யுங்கள்.

ஓசோன் கார்பமசெபினை விரைவாகத் தாக்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கிணற்று நீரில் புரோமைடு உப்பு இருந்தால், ஓசோனால் அது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய புரோமேட்டாக மாறும். குடிநீரில் அதற்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் மட்டுமே. சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினாலும் அது நிலத்தடிக்கே இறங்கும் என்பதால், புரோமைடைச் சோதிக்காமல் ஓசோன் கருவி வாங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். எந்த வழியானாலும் கடைசியில் செயலூட்டிய கரித்தொட்டி ஒன்று இருக்கட்டும்; மிஞ்சிய பெராக்சைடை அது சிதைத்துவிடும், பாதி சிதைந்த துணைப்பொருள்களில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும்.