மட்டக்களப்பில் ஜிம்முக்குப் போகாமல் அன்றாட வேலையிலேயே உடம்புக்குச் சவால் கொடுப்பது எப்படி?

கேட்டவருக்கு வீடு கல்லடியில், கந்தோர் டவுனில். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, பயிற்சிக்கென்று தனியாக நேரமில்லை. "லிஃப்டை விட்டுப் படியேறுங்கள்" என்ற வழக்கமான ஆலோசனை இங்கே எடுபடாது. ஊர் தட்டை, வீடுகளும் அனேகமாக ஒற்றைத் தளம். கல்லடிப் பாலத்தை விட்டால் ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் கொழும்புக்காரர் காசு கொடுத்துத் தேடும் ஒன்று நம்மிடம் வாசலிலேயே கிடக்கிறது: மணல்.

காய்ந்த மணலில் நடக்க, அதே வேகத்தில் தார் ரோட்டில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். கால் ஊன்றும்போது மணல் விலகிவிடுகிறது. தரை திருப்பித் தரவேண்டிய உந்துதலைக் கெண்டைக்கால் தசைதான் ஈடுசெய்கிறது. அதனால்தான் முதல் நாளே அரைமணி நேரம் நடந்தவருக்கு மூன்றாம் நாள் படலை தாண்டவும் முடிவதில்லை. நடையில் பெரும்பகுதி அலை நனைத்த இறுகிய மணலில் இருக்கட்டும். நடுவில் 5 நிமிடம் மட்டும் காய்ந்த மணலுக்கு ஏறுங்கள். வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டி 15 நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். காலடியைக் குறுக்கி வையுங்கள். நீட்டி வைத்தால் குதிக்கால் புதைந்து, அதன் பின்னாலுள்ள தசைநாண் இழுபடும். காலையில் பாயை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிக்காலுக்குப் பின்னால் வலித்தால் காய்ந்த மணலை இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். கடற்கரை சரிவானது, கடல் பக்கத்துக் கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். போன தடத்திலேயே திரும்பி வந்தால் சரிவு மறுகாலுக்கு மாறி, இடுப்பு ஒருபக்கமாக நோகாது. வெறுங்கால் நல்லதுதான், ஆனால் தோணிகள் ஏற்றியிருக்கும் இடத்தில் தூண்டில் முள்ளும் உடைந்த போத்தலும் கிடக்கும். அங்கே செருப்பைப் போடுங்கள்.

கரைவலை இழுப்பதைப் பார்க்கக் கிடைத்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். கையை மடக்கி இழுக்க மாட்டார்கள். கயிற்றைப் பிடித்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடப்பார்கள். பாரத்தைக் காலும் பிட்டமும் தூக்கும், கை கொக்கி மாதிரி மட்டும்.

கிணற்றுக்கும் அதே பாடம்தான். மோட்டர் இருக்கட்டும், டாங்க் நிரம்பட்டும். குளிக்கிற தண்ணீரை மட்டும் அள்ளிக் குளியுங்கள். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 8 லீட்டர் வாளியால் எட்டுத் தரம் அள்ளினால் 64 கிலோ, ஜிம்மில் யாரும் இலேசாக நினைக்கமாட்டார்கள். கப்பி பாரத்தைக் குறைக்காது, இழுக்கும் திசையை மட்டும் மாற்றும். ஆனாலும் கீழ்நோக்கி இழுப்பதால் முதுகின் அகன்ற தசையும் உடம்பின் எடையும் வேலைக்கு வந்துவிடும். கப்பி இல்லாத கிணற்றில் குனிந்து தூக்கும்போது பாரமெல்லாம் இடுப்பில்தான். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, வயிறு கட்டோடு ஒட்டும் அளவுக்குக் கிட்ட நில்லுங்கள். ஒரு வாளிக்கு வலது கை மேலே என்றால் அடுத்ததுக்கு இடது கை. மெல்லிய நைலோன் கயிறு கையை வெட்டும், பெருவிரல் தடிப்பில் கயிறு வாங்குங்கள். மூச்சை அடக்கி இழுப்பது பிரஷர் உள்ளவர்களுக்கு ஆகாது. இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

அள்ளிய வாளியைச் செடிகளுக்குக் கொண்டு போவதானால் இரண்டு கையிலும் சமமாக அல்ல, ஒரு கையில் மட்டும் தூக்கிப் போய், திரும்புகையில் மற்றக் கையில் தூக்குங்கள். ஒருபக்கம் சாயாமல் நிமிர்ந்து நடக்கும்போது விலாத் தசை படும் பாடு அடுத்த நாள் தெரியும்.

இனி தரை. கதிரையும் கொமோட்டும் வந்தபிறகு குந்தியிருக்கும் பழக்கம் போய்விட்டது, அதோடு கணுக்காலின் மடிப்பும் போய்விட்டது. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்துங்கள். குதிக்கால் தரையை விட்டுத் தூக்கினால் அடியில் 2 சென்ரிமீற்றர் பலகை வையுங்கள். 30 செக்கனில் தொடங்கி 2 நிமிடம் வரை போகலாம். இரவுச் சாப்பாட்டைப் பாயில் சப்பணமிட்டுச் சாப்பிட்டு, கை ஊன்றாமல் எழும்பப் பாருங்கள். முடியாவிட்டால் முதலில் ஒரு கை, பிறகு இரண்டு விரல். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் வலி தொடங்கும் உயரத்துக்கு மேலேயே நிறுத்தவேண்டும். உயரமான ஸ்டூலில் கை பிடிக்காமல் இருந்து எழும்புவதே அவர்களுக்குப் போதும்.

கந்தோருக்கு சைக்கிள். நம்மூரில் எல்லோரும் சீற்றைத் தாழ்த்தி வைத்திருக்கிறோம், கால் தரையில் படவேண்டும் என்று. முழங்காலுக்கு முன்னால் வலிப்பதற்கு அதுதான் காரணம். மிதி கீழே இருக்கையில் குதிக்காலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். அதுதான் சரியான உயரம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எதிர்காற்றே பாரம். வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள்: பேச முடியும், பாட முடியாது என்றால் அளவு சரி.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020 இல் சொன்ன கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைக்குப் பாரம். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்யவேண்டும் என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. ஆகவே நான்கு நிமிடக் கிணற்று வேலையும் கணக்கில் சேரும். சோறு சாப்பிட்டபின் ஒழுங்கையில் 10 நிமிடம் நடப்பது சீனி ஏறுவதைத் தணிக்கும். ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். மணலையும் வாளியையும் சேர்த்துக் கூட்டினால் எது நோகவைத்தது என்றே தெரியாது.

சீனி வியாதி உள்ளவர்கள் வெறுங்காலோடு மணலில் இறங்கவே கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. இன்சுலின் போடுகிறவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அதோடு நிறுத்தி வைத்தியரிடம் போங்கள்.

நவம்பரில் வாடையோடு மழை பிடித்தால் கடற்கரை நடையும் சைக்கிளும் படுத்துவிடும். தை வரை கிணற்றடியில் பாசி வழுக்கும், முதலில் அதைத் தேய்த்துக் கழுவுங்கள். அந்த மாதங்களுக்குக் குந்துவதையும் பாயிலிருந்து எழும்புவதையும் இரட்டிப்பாக்கினால் போதும்.